பெயிண்டு போயிடும்மா

செஞ்சியில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸாக நான் இருந்த எட்டு வருஷத்தில், ஆத்திரம் தீரச் சண்டை போட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். மற்றவர்களிடம் போட்டதெல்லாம் சும்மா, வாய்க்குப் பயிற்சி. அந்த ஒரு ஆள் வாடகைக் கார் டிரைவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது. பஸ் ஸ்டாண்டில் போய் "பெயிண்டு இருக்குறாரா?" என்று கேட்க வேண்டும். டீக்கடைக்காரர் கரண்டியாலேயே புளியமரத்தைக் காட்டுவார். அங்கே ஒரு கருநீலக் கார் நிற்கும். அதன் மூக்குக்கு முன்னால் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தீக்குச்சி முனையில் பெயிண்டைத் தொட்டுத் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்.

அறுபதுகளில் நடந்த கதை இது. கடைத்தெரு தாண்டினால் எங்கும் கப்பி ரோடுதான். பஸ்ஸோ லாரியோ போனால் சக்கரத்தடியிலிருந்து ஜல்லி தெறிக்கும். தெறித்த கல் பின்னால் வருகிற வண்டியின் மூக்கில் பட்டால் ஒரு பொட்டு அளவுக்குப் பெயிண்டு பெயர்ந்து வந்துவிடும். மற்ற டிரைவர்கள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். இவரோ ஒவ்வொரு பொட்டுக்கும் ஜாதகம் வைத்திருந்தார்.

"இது பஸ்ஸு கல்லு, நர்சம்மா. வட்டமா இருக்குது பாருங்க. இது லாரி கல்லு. நீட்டா கீறிக்கினு போயிருக்குது."

"கல்லுல பஸ்ஸு என்ன, லாரி என்ன?"

"லாரி கல்லு வேகமா வரும்மா. இரும்பையே இப்டி கொத்துதே..." என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திவிட்டுத் தீக்குச்சியைக் கீழே போட்டார். சரி, வண்டிமேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒல்லியான, நெடிய ஆள். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். தோளில் கிடக்கும் துண்டு காருக்கு மட்டும்தான், தன் வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வார். வெற்றிலை போட மாட்டார், ஜன்னல் வழியே துப்பினால் கதவில் தெறிக்குமாம். என்ன சொன்னாலும், எதைக் கேட்டாலும், கடைசியில் அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "பெயிண்டு போயிடும்மா." அதனால்தான் அந்தப் பெயர் வந்தது.

எனக்கு அவர்மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சுற்றுப்பட்ட கிராமங்களில் பிரசவம் சிக்கலானால் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஓடிவரும். மாட்டு வண்டியில் போனால் அரை நாள் ஆகும். அவசரமென்றால் இந்தக் கார்தான், ஊரில் வேறு வாடகைக் கார் கிடையாது. அங்கே ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருப்பாள், இங்கே இந்த மனுஷன் ஆட்டு மந்தை ஓட்டுகிறவன்போல் ஓட்டுவார். ஒரு நாள் இவருடைய நிதானத்தால் ஒரு தாய் என் கையில் போகப்போகிறாள் என்ற பயம் எனக்கு முதல் மாசத்திலேயே பிடித்துக்கொண்டது. எட்டு வருஷமும் அது என்னை விடவில்லை.

முன்னால் பஸ் போனால் மரத்தடியில் நிறுத்திவிடுவார். புழுதி அடங்கி, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கிளப்புவார். எதிரே லாரி வந்தால் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சாமி தேர் கடக்கிறதைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். சரி, அதுவாவது பெயிண்டுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். ரோட்டில் நாலு பேர் நடந்து போனாலும் இப்படித்தான். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வருவார். ஹார்ன் மட்டும் அடிக்கவே மாட்டார்.

"அண்ணே, ஒரு தடவை அடிச்சீங்கன்னா நகர்ந்துடப் போறாங்க!"

"வேணாம்மா. அடிச்சா திரும்பிப் பாப்பாங்க."

"பார்த்தா இன்னா? உங்க அழகு கொறஞ்சிடுமா?"

"பெயிண்டு போயிடும்மா."

பாருங்கள், திரும்பிப் பார்த்தால் பெயிண்டு போகுமாம். ஆளுக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

பெயிண்டைக் காப்பாற்ற அவர் செய்யாத வித்தை இல்லை. ஒரு கோடையில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பழைய நியூஸ் பேப்பரை ஏழெட்டு அடுக்காக வண்டியின் மூக்கில் ஒட்டினார். காய்ந்ததும் அது அட்டைபோல் விறைப்பாக நின்றது. உண்மையாகவே கல்லைத் தாங்கியது. தொண்டூருக்கு ஒரு பிரசவம் பார்க்கப் போனோம். உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு நான் வெளியே வந்தால், நாலு ஆடுகள் காரைச் சுற்றி நின்று பேப்பரைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. புளியங்கொட்டை வாசத்துக்கு எந்த ஆடுதான் வராமல் இருக்கும்? அவர் துண்டை வீசி விரட்டுகிறார், அதுகள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வருகின்றன. பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அடுத்து சாக்கு. கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்து, முன்பக்கம் முழுக்க மூடிக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். தளவானூருக்குப் போகிற வழியில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. காற்று போக வழியில்லாமல் உள்ளே தண்ணீர் கொதித்துவிட்டது. வண்டி நின்றுபோய், கடைசி ஒரு மைலை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஊர் மருத்துவச்சியே தொப்புள்கொடி அறுத்து முடித்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். திரும்பி வந்து அவரைப் பிடித்தேன் பாருங்கள்!

"ஏதாவது ஆயிருந்தா யாருண்ணே பதில் சொல்றது? உங்க பெயிண்டா வந்து பதில் சொல்லும்?"

"தப்புதாம்மா" என்றார். மறுநாளே சாக்கின் நடுவில் காற்றுக்கு ஒரு ஜன்னல் வெட்டிவிட்டார். அந்தச் சாக்கும் அடுத்த மழையில் மக்கிப்போனது.

நாலு சக்கரத்துக்கும் பின்னால் பழைய லாரி டயரை வெட்டித் தட்டிபோலத் தொங்கவிட்டிருந்தார், கல் பறக்காமல் தடுக்க. முன் சக்கரத்துக்குச் சரி, கல் எகிறினால் கதவில் படும். பின் சக்கரத்துக்கு எதற்கு? அதுவும் அந்த இரண்டும் தரையைக் கூட்டுகிற அளவுக்கு நீளம். ஒரு தடவை அதையும் கேட்டுவிட்டேன். "அங்கேருந்து கல்லு பறந்தா உங்க வண்டி மேலயா விழப்போவுது?"

"கெடக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கல்யாணக் கதை ஒன்று உண்டு, டீக்கடைக்காரர் சொன்னது. மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர் வீட்டு மாப்பிள்ளையும் அவன் தோழர்களும் இவர் காரில் போயிருக்கிறார்கள். களையெடுக்கப் போகிற பெண்கள் ரோட்டில் வரிசையாகப் போக, முன்சீட்டில் இருந்த ஒரு பையன் விளையாட்டாகக் கையை நீட்டி ஹார்னை அமுக்கிவிட்டான். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அங்கேயே வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து, "எறங்குங்க" என்றாராம். மாப்பிள்ளை என்றும் பார்க்கவில்லை. பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை தோழர்களோடு இரண்டு மைல் நடந்தே போய்ச் சேர்ந்தான். கடைத்தெரு ஒரு மாசம் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது எட்டாவது வருஷத்துச் சித்திரை மாசத்துக்கு வருகிறேன்.

சிங்கவரத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபது வயதுகூட இருக்காது, தலைப்பிரசவம். கூட மாமியார் மட்டும். துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்திருந்தது. என் கையால் ஆகிற காரியமில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கிடையாது. திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பதினெட்டு மைல். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் இரண்டு உயிரும் பிழைக்கும், இல்லாவிட்டால் இரண்டும் போகும். காருக்கு ஆள் அனுப்பினேன். அந்த மனுஷன்தானே வரப்போகிறார்!

வந்தார். பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவரும் மாமியாருமாகத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். தலையை மாமியார் மடியில் வைத்து, காலடியில் நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி பறந்தது. அவருக்கு வேகமாக ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குள் அவருக்குக் கும்பிடு போட்டேன்.

ஏழெட்டு மைல் தாண்டியிருப்போம். திடீரென்று வண்டி நின்றது.

எட்டிப் பார்த்தேன். அரை மைலுக்குப் புது ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ரோலர் இன்னும் ஓடவில்லை. இரண்டு ஓரத்திலும் ரோடு வேலைக்காரர்கள், முக்கால்வாசி பெண்கள், இரும்புச் சட்டியில் ஜல்லி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வழக்கம்போல் ஊர்ந்தால் அதைக் கடக்கவே கால் மணி ஆகும். இவரோ என்ஜினை ஓடவிட்டு இறங்கியேவிட்டார்.

நான் என்ன பேசினேன் என்று முழுக்க எழுத முடியாது. "உங்க பெயிண்டு நாசமாப் போவ! இங்க ரெண்டு உயிரு போவுதுய்யா!" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. அதுவரை "அண்ணே" என்று கூப்பிட்ட வாயால் "பாவி" என்றும் சொன்னேன்.

"ரெண்டே நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு ரோட்டில் ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.

"எல்லாரும் கொல்லையில எறங்குங்க! அந்தாண்ட திரும்பிக் குந்துங்க! சட்டிய தலையில கவுத்துக்குங்க! காரு போற வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்காதீங்க!"

மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்குமே புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. அப்போது கூட்டத்தில் ஒருத்தி, "இன்னாடி வேடிக்க பாக்குறீங்க? அண்ணன் சொல்றத செய்யுங்கடி!" என்று அதட்டிவிட்டு, முதல் ஆளாக ரோட்டோரத்து வயலில், மல்லாட்டைக் கொல்லையில், இறங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். மேஸ்திரியும் இறங்கினார்.

அவர் ஓடிவந்து ஏறினார். மூச்சு இரைத்தது. "பொண்ண கெட்டியா புடிச்சிக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த அரை மைலை எப்படிக் கடந்தோமென்று கேட்டால் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. காலுக்கடியில் ஜல்லி படபடவென்று பொரிந்தது. எதிரே ஒரு ஜல்லி லாரி வந்தது, அதற்கும் அவர் நிறுத்தவில்லை; அது கிளப்பிய கல் முன்னால் மூக்கில், விளக்கில், கண்ணாடியில் எல்லாம் பட்டது. பக்கத்தில் கொல்லையிலிருந்து டங், டங் என்று கேட்டது, சட்டிகளின்மேல் கல் விழுகிற சத்தம். ஒவ்வொரு டங்குக்கும் அவர் தோள் தூக்கிப்போட்டது. ஹார்ன் அடிக்கவில்லை.

திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பார்த்த உடனே உள்ளே கொண்டுபோனார். எவ்வளவு நேரம் வராந்தாவில் நின்றேனோ தெரியாது. கடைசியில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். "இன்னும் அரை மணி ஆகியிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது, சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

சொல்லலாமென்று வெளியே வந்தேன். காரின் முன்பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஒரு விளக்கு உடைந்திருந்தது. பெயிண்டு இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நான் வாசலுக்கு வந்ததும் எழுந்து நின்றார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்குறாங்கண்ணே. பொண்ணு பொறந்திருக்குது."

"நல்லதும்மா. மருந்துப் பெட்டி கையில இருக்குதா? எங்கூட வாங்க."

"யாருக்குண்ணே?"

"ரோட்டுல இருந்தாங்களே, அவங்களுக்கு."

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமே."

"அப்பறம் குடிக்கலாம்மா. வாங்க."

அவர் குரலில் ஏதோ இருந்தது. பெட்டியோடு ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது வேலை ஓய்ந்து எல்லோரும் வேப்பமரத்து நிழலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். "உனக்குப் படலையே? உனக்கு?" என்று கேட்டார். "சட்டி மேலதாண்ணே பட்டுது" என்று அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் லேசான சிராய்ப்பு. நான் டிங்க்சர் போட்டேன். பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்றார்.

கடைசியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலையில் மற்றவர்களை அதட்டினாளே, அவள்தான். மற்ற எல்லோரையும் கேட்டவர், அவள் முன்னால் நின்றுகொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வலது கண் குழிந்து, இமை ஒட்டி மூடிக்கிடந்தது. நர்ஸ் புத்தி, சும்மா இருக்க மாட்டேனே.

"கண்ணுக்கு இன்னா ஆச்சு?"

"கல்லு பட்டுட்டுதும்மா. பத்து வருசம் ஆவுது. இந்த ரோட்டுலதான் ஜல்லி போட்டுக்கினு இருந்தேன். காரு ஹார்ன் அடிச்சிது. காரு புதுசாச்சே அப்ப, யாரு போறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்."

"யார் கார்?"

அவள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் காருதாம்மா" என்றார் அவர். "வாங்கி ஒரு மாசம். ஊரே பாக்கணும்னு ஹார்ன் அடிச்சிக்கினே வேகமா போய்ட்டேன். கல்லு எகிறுனது எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியாதும்மா, எதோ வெளியூரு காருன்னுதான் இருந்தேன்" என்றாள் அவள். "நாலு நாளு கழிச்சி இவுருதான் தேடிக்கினு வந்தாரு. டீக்கடையில பேச்சு கேட்டாராம். அன்னிக்கு அந்த நேரத்துக்குப் போனது என் வண்டிதான்னு எங்க ஊட்டு வாசல்ல நின்னு சொன்னாரு. சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கண்ணு வந்துடுமா?"

தரையைக் கூட்டும் அந்தப் பின்சக்கரத் தட்டி எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் தன் வண்டிமேல் விழுகிற கல்லைப் பற்றித்தான் இவர் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"இத்த எப்டிம்மா சொல்றது? பெயிண்டு போயிடும்னா சிரிச்சிட்டு உட்டுடுவாங்க."

காலையில் "பாவி" என்று கத்தினேனே, அந்த நாக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"இன்னிக்கு படலையே, அஞ்சல?"

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுண்ணே. பத்திரமாத்தான் இருக்குது."

அவர் அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். உடம்பு குலுங்கியது. இந்தத் தரம் அந்தப் பெண்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எல்லோரும் முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.